வேப் கேட்டால் வேப்பெண்ணெய்

சங்கரலிங்கம் மாமா வேலை பார்த்த காலம் முழுவதும் அடுத்தவர் கடைகளிலிருந்து பொருள்களைப் பறிமுதல் செய்தவர். அவரிடமிருந்தே ஒரு பொருள் பறிமுதலானதை நாங்கள் வந்து இறங்கிய விமான நிலையத்தில்தான் பார்த்தேன். பறிமுதல் என்று சொல்வதுகூடச் சரியில்லை. யாரும் கேட்காமல் அவராகவே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவர் எனக்குத் தாய்மாமா. அவர் மகள் வேணியைக் கட்டியதால் மாமனாரும் அவர்தான். திருநெல்வேலிப் பக்கத்தில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அத்தை காலமான பிறகு ஆக்லாந்தில் எங்களோடு இருக்கிறார். வந்த முதல் குளிர்காலத்திலேயே நெஞ்சுவலி வந்து இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இளவயதிலிருந்து அவர் இழுத்துவந்த சிகரெட்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். அங்கே சிகரெட்டை விட உதவுவதற்கென்றே ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவள்தான் மாமாவின் கையில் வேப் கருவியைக் கொடுத்தாள். தடித்த பேனா மாதிரி இருக்கும். அதற்குள் நிகோடின் கலந்த திரவத்தை ஊற்றி உறிஞ்சினால் புகைக்குப் பதிலாக ஆவி வரும். நல்லது என்று அவள் சொல்லவில்லை. சிகரெட்டுக்கு இது தேவலை, பிறகு இதையும் விட்டுவிடலாம் என்றுதான் சொன்னாள். மாமா முதல் பாதியைக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்நேரமும் வெண்ணிலா வாசம்.

சித்தி மகன் கார்த்தியின் கல்யாணத்துக்காக நானும் மாமாவும் புறப்பட்டு வந்தோம். வேணிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் பெட்டிகளோடு வெளியே வரும் வழியில் ஒரு அறிவிப்புப் பலகை. மின்னணு சிகரெட்டுகள், அதற்குரிய திரவங்கள் ஆகியவற்றை நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். எல்லோரும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமா நின்றுவிட்டார்.

"ஏலே, இது நம்மளச் சொல்லுதுலா."

வீட்டு ஆட்களுக்குள் நான் அவருக்கு அக்கா மகன், 'ஏலே'. வெளியாள் ஒருவர் பேச்சுக்குள் வந்துவிட்டால் உடனே 'மாப்ளே, வாங்க, போங்க' ஆகிவிடுவேன்.

"மாமா, நடங்க. வெளியே போய்ப் பேசிக்கலாம்."

"படிக்காம போயிருந்தா சரி. படிச்சாச்சே."

நேராகச் சுங்க அதிகாரியிடம் போனார். பையிலிருந்து கருவியையும் இரண்டு புட்டிகளையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். பிறகு அந்த அதிகாரி செய்ய வேண்டியதை அவருக்கே வரிசையாக எடுத்துச் சொன்னார். அதிகாரி மரியாதையாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற பயணி ஒருவர் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "இப்படியும் ஆளுங்க இருக்காங்களா?" என்று மனைவியிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

பாளையங்கோட்டை வந்து சேரும்வரை மாமா உற்சாகமாகத்தான் இருந்தார். சித்தி வீட்டில் கூட்டாஞ்சோறும் வடகமும் வைத்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமாவின் வலது கை சட்டைப் பையைத் தடவியது. ஒன்றும் இல்லை. மறுபடி தடவியது. அந்த நிமிஷத்தில்தான் எங்கள் பயணத்தின் மெய்யான வேலை ஆரம்பமானது.

மறுநாள் காலையில் இட்லி கல்லாக இருக்கிறது என்றார். இட்லி பஞ்சாக இருந்தது. செய்தித்தாள் படிக்கும் சித்தப்பாவிடம் ஏன் இப்படிச் சத்தமாகத் தாளைத் திருப்புகிறீர் என்று கேட்டார். சித்தப்பா தமிழாசிரியராக இருந்தவர், பூனை மாதிரிப் பதவிசு. அவர் எழுந்து மாடிக்குப் போய்ப் படித்தார்.

சித்தி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "அண்ணனுக்கு என்னடே? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நிகோடின், கருவி, திரவம் என்றெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? "அவருக்கு அப்பப்ப ஆவி வேணும் சித்தி. ஆவி இழுத்துப் பழகிட்டாரு" என்றேன்.

"இம்புட்டுத்தானா? முதல்லயே சொல்லப்படாதா?"

கொஞ்ச நேரத்தில் அண்டாவில் தண்ணீர் கொதிக்க, நொச்சி இலையும் மஞ்சளும் மிதக்க, மாமாவை முக்காலியில் உட்காரவைத்து ஜமுக்காளத்தால் மூடிவிட்டாள். நான் குளித்துவிட்டு வந்து பார்க்கும்போது ஜமுக்காளத்துக்குள்ளிருந்து மாமாவின் குரல் கேட்டது. "ஏலே, நீ என்னலே இவகிட்டச் சொன்ன?"

சட்டத்துக்கு உட்பட்ட வழி ஒன்று இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நிகோடின் சூயிங் கம். மருந்துக்கடையில் கேட்டதும் கொடுத்தார்கள். மாமா அட்டையின் ஆறு பக்கங்களையும் படித்து, திருப்தியாகி, ஒன்றை வாயில் போட்டு மென்றார். நாலாவது மெல்லில் நிறுத்திவிட்டார். அவருக்கு மேல்வரிசை பல்செட் என்பதை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். கம் பல்செட்டில் அப்பிக்கொண்டது. மீதி நேரம் கொல்லைப்புறக் குழாயடியில் போனது. தோலில் ஒட்டும் பட்டை இருக்கிறதாமே என்று மறுபடி போய்க் கேட்டேன். சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருகிறோம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

மருந்துக்கடையை அடுத்து வெற்றிலை பாக்குக் கடை. சிகரெட் பெட்டிகள் அடுக்கடுக்காக நின்றன. பீடிக்கட்டுகள் கூடையில். பொடி டப்பாக்கள் தனியாக. ஆக்லாந்தில் இதற்கு நேர்மாறு. அங்கே சிகரெட்டைக் கண்ணில் படாமல் பூட்டிவைப்பார்கள், கேட்டால்தான் அலமாரி திறக்கும். வேப் கடைக்கோ வண்ண விளக்கெல்லாம் போட்டிருப்பார்கள். எங்கே எதைப் பூட்டுவது என்பதில் இரண்டு நாடுகளும் பேசிவைத்துக்கொண்டு எதிரெதிராக நடப்பதுபோல இருந்தது. மாமா அந்தக் கடையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பெண்வீடு ஆழ்வார்குறிச்சி. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு வேனில் போனோம். சேரன்மகாதேவி தாண்டி ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். டிரைவர் இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் பீடி பற்றவைத்தார். சற்று நேரத்தில் மாமாவைக் காணோம். பார்த்தால் டிரைவருக்குப் பத்தடி தள்ளி, மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன மாமா இங்க நிக்கீங்க?"

"சும்மாதான். மேக்க இருந்து வார காத்து நல்லா இருக்கு."

காற்று டிரைவரிடமிருந்து மாமாவை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. நான் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அவர் நகர மனமில்லாமல் நகர்ந்தார். ரயில் போய், கேட் திறந்து, எல்லோரும் ஏறின பிறகும் வேன் கிளம்பவில்லை. சாவியைப் போட்டால் கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் மாப்பிள்ளை கார்த்தியும் பட்டு வேட்டியோடு இறங்கித் தள்ளினான். மாமா மட்டும் வண்டியின் புகைக்குழாய் இருந்த மூலையாகப் பார்த்து நின்று தள்ளினார்.

மண்டபத்தில் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் சமையல்கட்டுக்குள் புகுந்துவிட்டார். சைவக் கல்யாணங்களில் சமையலுக்கு வருகிறவரைத் தவசிப்பிள்ளை என்று சொல்வோம். இந்தத் தவசிப்பிள்ளை பெரிய கை. அவரோடு எட்டு ஆட்கள். எட்டுப் பேரையும் மாமா வரிசையில் நிற்கவைத்து நகம் பார்த்தார். எண்ணெயை மோந்து பார்த்து, ஒரு சட்டி எண்ணெயைக் கொட்டச் சொன்னார். தேங்காய் துருவுகிறவர் தலையில் துண்டு கட்டவில்லை என்று சத்தம் போட்டார்.

தவசிப்பிள்ளை கையில் கரண்டியோடு சித்தப்பாவிடம் வந்தார். "நான் கலெக்டர் வீட்டுக்கே ஆக்கிப் போட்டவன். நாளைக்குக் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கிட்டேன், போட்டிருதேன். மறுநாள் மறுவீட்டுச் சொதி வேணும்னா அந்த ஆளு இந்தப் பக்கம் வரப்படாது. வந்தாருன்னா நான் கரண்டியைக் கீழ வச்சிருவேன்."

தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதியும் இஞ்சிப் பச்சடியும் இல்லாமல் மறுவீடு நடந்ததென்றால் சித்தி அதற்குப் பிறகு ஊரில் தலைகாட்ட மாட்டாள்.

கல்யாணத்தன்று காலை நான் கடைசி முயற்சியாகத் தேரடிப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டமில்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "வேப் லிக்விட் இருக்குமா?" என்றேன்.

கடைக்காரர் சர்வசாதாரணமாக, "எத்தன மில்லி?" என்றார்.

நான் சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன். "எவ்வளவு இருக்கோ, அவ்வளவும்."

"உள்ளுக்கா, வெளிப்பூச்சுக்கா?"

"உள்ளுக்குத்தான். மாமாவுக்கு."

"வயசு?"

"எழுபதை நெருங்குறார்."

"அய்யய்யோ, உள்ளுக்கெல்லாம் குடுத்திராதீங்க. தலையில தேச்சா பேனு, ஈறு எல்லாம் செத்துரும். ரொம்பச் சுத்தமான சரக்கு." வேப்பெண்ணெய்ப் புட்டியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

மாமா அதை வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "காலாவதி தேதி தெளிவாப் போட்டிருக்கான். நல்ல கடை" என்றார்.

கல்யாணம் நடந்தது. மாமா தாய்மாமன் என்ற முறையில் மணமேடையில் நின்றார். ஹோமப் புகை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக நகர்ந்து நகர்ந்து நின்றதைச் சொந்தக்காரர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். வீடியோக்காரர் மட்டும், "சார், கொஞ்சம் ஒரு இடத்துல நில்லுங்க" என்று கெஞ்சினார்.

அன்று சாயங்காலம் சித்தப்பா என்னைத் தனியே அழைத்தார். அவர் வாழ்நாளில் யாரையும் எந்தத் தப்புக்கும் தூண்டியிருக்க மாட்டார். "திசையன்விளையில ஒரு கடை இருக்காம். வளைகுடாவுல இருந்து வார சாமானெல்லாம் வச்சிருக்காராம். கார்த்தியோட சேக்காளி ஒருத்தன் ஜாடையாச் சொன்னான். அத்தானைக் கூட்டிக்கிட்டு நாளைக்கு விடிஞ்சதும் கிளம்பிரும்வே. கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டாலும் சரி, சொதி முடிஞ்ச பிறகு வாங்க. நேரா பாளையங்கோட்டைக்கே வந்திருங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாமாவை எப்படிச் சம்மதிக்கவைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவசியமே இருக்கவில்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். சட்டத்தை அவர் முதல் நாளே போனில் எடுத்துப் படித்து முடித்திருந்தார்.

"விக்கது குத்தம். தயார் பண்ணுதது குத்தம். வெளிநாட்டுல இருந்து கொண்டாரது குத்தம். விளம்பரம் பண்ணுதது குத்தம். விக்கதுக்குச் சேத்து வைக்கது குத்தம். இழுக்கது குத்தம்னு நான் பாத்த வரைக்கும் எங்கயும் போடல."

"அப்ப நீங்க இழுக்கலாமா மாமா?"

"தாராளமா. ஆனா யாரும் விக்காம, யாரும் கொண்டாராம, அது வானத்துல இருந்து நேரா என் வாய்க்குள்ள விழணும்."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கே போகப் போக மண் சிவந்துகொண்டே வந்தது. வயல் மறைந்து பனை வந்தது. "நான் கடைக்குள்ள வரமாட்டேன். நீ போய்க் கேளு. நான் வெளிய நிக்கேன்" என்றார். அதாவது, குற்றத்துக்கு வெளியே.

திசையன்விளையில் இறங்கியதும் ஒருவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். மாமாவை அங்கே விட்டுவிட்டு நான் கடைக்குள் போனேன். சென்ட் புட்டிகள், டார்ச் லைட்டுகள், கம்பளிகள், பால்மாவு டின்கள். தலைநரைத்த கடைக்காரரிடம், "அண்ணாச்சி, ஆவி இழுக்கிற தண்ணி..." என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்டிருந்த என்னை வெளிநாட்டுக்காரன் என்று முடிவுகட்டி, கம்பளிகளுக்கு அடியிலிருந்து மூன்று சின்னப் புட்டிகளை எடுத்துப் பலகையில் வைத்தார். ஒன்றில் வெண்ணிலாப் பூப்படம் போட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்துவிட்டார். வரமாட்டேன் என்றவர்தான். வாசலில் நின்றவருக்குப் படம் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

வந்தவர் புட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார்.

"தயாரிச்ச தேதி எங்கவே? இறக்குமதி பண்ணுனவன் விலாசம் எங்க? மூடியில சீல் இல்லையே. ஏன் இதைக் கம்பளிக்கு அடியில வச்சிருக்கீரு, சூடு பட்டா கெட்டுப்போகும்னு தெரியாதா?"

அந்தக் குரல் முப்பது வருஷம் பழகிய குரல். கேட்டதும் கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. "சங்கரலிங்கம் சார்வாள்!" என்றார். எப்போதோ மாமா இதே கடையில் காலாவதியான பால்மாவு டின்களைத் திறக்கச் சொல்லி, அத்தனையையும் சாக்கடையில் கொட்டவைத்தாராம். அந்த மனிதர் அதை மறக்கவில்லை. இப்போது யாரும் சொல்லாமலே மூன்று புட்டிகளையும் அள்ளிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார்.

"யோவ், நில்லும்! நான் வாங்க வந்தேன்யா!"

"அப்பவும் சார்வாள் வாங்குதமாதிரிதான வந்து நிப்பீங்க!"

நாங்கள் பின்னால் ஓடிச் சேருவதற்குள் மூன்றும் கவிழ்ந்துவிட்டன. "இந்தா, ஊத்திட்டேன். நம்ம கடையில ஒண்ணுங் கிடையாது சார்வாள்" என்று காலிப் புட்டிகளைத் தலைகீழாக ஆட்டிக் காட்டினார். சாக்கடையிலிருந்து கும்மென்று வெண்ணிலா வாசம் எழுந்தது. மாமா அதன் விளிம்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவரை அங்கிருந்து கிளப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாங்கள் தெருமுனை திரும்பும்போது கடைக்காரர் வாசலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரோடோ பேசுகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது நாங்குநேரிக்குக் கொஞ்சம் முன்னால் பேருந்தின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. ஊருக்குள் உருட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வண்டி வரும், நில்லுங்கள் என்றார் நடத்துநர். உச்சி வெயில். மாமாவின் கை மறுபடியும் சட்டைப் பையைத் தடவியது. வியர்த்துச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"ஏலே, ஒண்ணே ஒண்ணு. ரெண்டு இழுப்பு. என்னால முடியல."

அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. எனக்குப் பெண் கொடுக்கும்போதுகூட உத்தரவு மாதிரிதான் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஸ்டென்ட் வைத்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவர் முகம் நினைவுக்கு வந்தது. எதிரில் நிற்கும் முகத்தையும் பார்த்தேன். "சரி, ஒண்ணு" என்றேன். சொன்ன மறுகணமே அதைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று இருந்தது.

மாமா சாலையைக் கடந்து ஒரு பெட்டிக்கடையை நோக்கி நடந்தார். பத்தடி தூரத்தில் போகும்போதே கடைக்காரர் தொங்கிக்கொண்டிருந்த புகையிலைச் சரங்களையும் சிகரெட் பெட்டிகளையும் பரபரவென்று எடுத்து உள்ளே போட்டு, அந்த இடத்தில் ஒரு வாழைத்தாரை மாட்டினார். கடையோரம் நின்று புகைத்துக்கொண்டிருந்தவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவர் தோளுக்கு மேலே புகை சுருள் சுருளாக எழும்பியது.

"ஒரு சிகரெட் குடும்வே."

"சிகரெட்டா? நம்ம குடும்பத்துலயே அந்தப் பழக்கம் கிடையாது சார். மட்டிப்பழம் இருக்கு, தரட்டா?"

அடுத்த கடையில் கேட்டார். சர்பத் இருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்திவிட்டார். மாமா நடுத்தெருவில் நின்றார். நான் போய்க் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்து டீக்கடைக்குள் நுழைந்தேன். டீக்கடைக்காரர் எழுந்து நின்று, "உக்காருங்க சார், டீ போடுதேன், பைசா வேண்டாம்" என்றார். பிறகு பொறுக்க முடியாமல் தன் போனை எடுத்துக் காட்டினார்.

வியாபாரிகள் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. திசையன்விளைத் தெருவில் நானும் மாமாவும் நடக்கிறோம். கீழே எழுதியிருந்தது: 'வியாபாரிகள் கவனத்துக்கு. பழைய சுகாதார இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் மாறுவேடத்தில் ரகசியச் சோதனை செய்து வருகிறார். பீடி, சிகரெட், புகைக்கிற சாமான் எது கேட்டாலும் யாரும் கொடுக்க வேண்டாம். கூட இருக்கும் அரைக்கால் சட்டை டெல்லி அதிகாரி என்று தெரிகிறது.'

நான் வெளியே வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் சாலை நடுவிலேயே கையை உயர்த்தினார். "எய்யா, நான் ரிட்டயர்டு ஆகி எம்புட்டோ காலமாச்சு! மாறுவேடமும் இல்ல, ஒண்ணும் இல்ல! யாராவது ஒரு சிகரெட் குடுங்கய்யா!"

சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "என்னமா நடிக்காரு பாத்தியா?" என்று ஒருவர் மெச்சினார்.

டீக்கடைக்காரர் மட்டும் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினார். "சார், நீங்க சொல்லுதது நெசம்னே வச்சுக்கிடுவோம். ஆனா நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, இன்ஸ்பெக்டர் சார்வாளுக்கே சிகரெட் வித்தவன்னு என் பேருலா அடிபடும்? எனக்குப் பொம்பளப்பிள்ளைக ரெண்டு இருக்கு. டீ குடிச்சிட்டுப் போங்க."

மாமா பேருந்து நிழலில் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் எதிரே இருந்த கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கடையிலும் ஒரு சிகரெட் பெட்டி கண்ணில் படவில்லை. எல்லாக் கடையிலும் வாழைத்தார்.

"நான் வேலையில இருந்த அத்தன வருஷமும் கத்தினேன்லே. ஒரு பய கேக்கல. இன்னைக்குத்தான் ஒரு ஊரே சேந்து கேக்குது. அதுவும் இன்னைக்கா கேக்கணும்?"

மேல்துண்டை வாயில் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று புரிந்தது. நானும் சிரித்தேன். நடத்துநர் எங்களிடமிருந்து சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பாளையங்கோட்டை வந்ததும் சித்தி எடுத்துவைத்திருந்த சொதியைத் தூக்குச்சட்டியோடு மாமா முன்னால் வைத்தாள். இஞ்சிப் பச்சடியை நாக்கில் வைத்தவர், உறைப்பு தூக்கலாக இருக்கிறதே என்றார். அவர் நாக்குக்கு உறைப்பு தெரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பச்சடி வழக்கம்போலத்தான் இருந்தது. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு ஜீப் நின்றது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் இறங்கினார். உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டினார். சித்தப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"சார், உங்களைப் பத்திப் புகார் வந்திருக்கு. ஓய்வு பெற்ற பிறகும் கடை கடையாச் சோதனை பண்றீங்கன்னு சொல்றாங்க. அதிகாரம் இல்லாம அப்படிச் செய்யறது ஆள்மாறாட்டம் ஆகும். உங்களுக்குத் தெரியாதது இல்ல."

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மனசுக்குள் ஓடியது எனக்குத் தெரிந்தது. சோதனைதான் செய்தேன் என்றால் ஆள்மாறாட்டம். வாங்கப் போனேன் என்றால் தடைசெய்த பொருளைத் தேடிப் போனது. இரண்டில் எதை ஒப்புக்கொள்வது? ஏதாவது சொல்லிச் சமாளிக்க நான் வாயெடுத்தேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் ஒரு சோதனையும் பண்ணலம்மா. எனக்கு இழுக்கதுக்கு வேப் வாங்கப் போனேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். "எங்க ஆபீஸ்ல இன்னும் உங்க கதையைத்தான் சொல்வாங்க சார். நீங்க போய் வேப் வாங்குனீங்கன்னா யார் நம்புவாங்க?"

"நெசந்தாம்மா!" என்று சித்தி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "ஆவி பிடிச்சுப் பாத்தோம். மிட்டாய் வாங்கிக் குடுத்தோம், பல்செட்டுல ஒட்டிக்கிட்டு. தவசிப்பிள்ளையோட சண்டை. என் மகன் கல்யாணத்தையே நிறுத்தப் பாத்தாரு. கூட்டிக்கிட்டுப் போயி ஒரு வழி பண்ணும்மா!"

அலுவலரின் சிரிப்பு மெல்ல நின்றது. மாமாவின் கை காலிச் சட்டைப் பையைத் தடவுவதைப் பார்த்தார். எந்தக் கடை என்று கேட்டார்.

"நான் பாக்கும்போதே எல்லாத்தையும் ஊத்திட்டாரு. அங்கன இப்ப ஒண்ணுங் கிடையாது. பேரு வேண்டாம்" என்றார் மாமா.

அலுவலர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. சித்தி கொடுத்த காபியை ஒரு வாய் குடித்தார். "எப்ப இருந்து சார் இழுக்கல?"

"ஊருக்கு வந்து இறங்குனதுல இருந்து."

"சிகரெட், பீடி?"

"எவன் குடுக்கான்?"

"அந்த மிட்டாய், நிகோடின் கம்தான?"

"துப்பிட்டேன்."

"அப்போ ரொம்பக் கஷ்டமான நாளெல்லாம் முடிஞ்சுபோச்சே சார். ராத்திரி தூங்குனீங்களா?"

மாமா யோசித்தார். "நேத்து தூங்குனேன்."

"விட்டாச்சே சார்" என்றார் அவர், சாதாரணமாக. "ஆசை இன்னும் வரும். வந்தா அரசு ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஆலோசனை சொல்றாங்க, போய்ப் பாருங்க. மத்தபடி நீங்க விட்டாச்சு."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்நியர் முன்னால் என்பதையும் மறந்துவிட்டார்.

"ஏலே, உனக்கு இது தெரியுமா?"

"தெரியாது மாமா."

"பின்ன என்னத்துக்குலே ஊரு ஊரா அலைஞ்சோம்?"

ஜீப் போன பிறகு வேணி போனில் அழைத்தாள். நான் பேச ஆரம்பிப்பதற்குள் மாமா போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஆமாட்டி, விட்டாச்சு. சிகரெட்டும் இல்ல, அதுவும் இல்ல... என்னது? உம் புருஷன் பாத்துக்கிட்டானா? அவன் எங்க பாத்தான்? நாங்குநேரியில வச்சுச் சரின்னுலா சொல்லிட்டான். ஊர்க்காரங்கதான் பாத்துக்கிட்டாங்க. ஒரு கடை பாக்கி இல்லாம, அம்புட்டுப் பேரும் நல்லாப் பாத்துக்கிட்டாங்கட்டி."